பதிவு ஒன்று, வருகை இரண்டு

என் தையல் மெஷினில் இருந்தபடி தலையை நிமிர்த்தினால் பள்ளிக்கூடத்து ஜன்னல் தெரியும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை விட்டு உள்ளே திரும்புகிற தெரு எங்களுடையது. இந்தப் பக்கம் என் வீடு, வீட்டு முன்னறையில் தையல் கடை. அந்தப் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி, ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும். நானும் அங்கேதான் படித்தேன். அந்த ஜன்னலோர பெஞ்சில் என் மகள் ஏழாம் வகுப்பு படித்தாள். அவளோடு வேறு யாரும் படிக்கவில்லை. ஏழாம் வகுப்பு என்றால் அவள் ஒருத்திதான்.

பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். "வெளையாடாதீங்க" என்பார்கள். ஜன்னலைக் காட்டுவேன். அந்த அறையில் ஆறும் ஏழும் எட்டும் சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி மூலை, தனித்தனி போர்டு. ஆறாம் வகுப்பு மூலையில் கொஞ்சம் தலைகள், எட்டாம் வகுப்பு மூலையில் கொஞ்சம் தலைகள். ஜன்னல் பக்கம் ரெட்டைச் சடை போட்ட ஒரே ஒரு தலை.

ஐந்தாவது வரைக்கும் அவளுக்கு நல்ல கூட்டம் இருந்தது. ஆறாவது வந்ததும் பாதிப் பிள்ளைகளை மஞ்சள் வேன் வந்து அள்ளிக்கொண்டு போனது. மீதியைத் தென்காசியில் பெரிய பள்ளிக்கூடத்தில் கொண்டு சேர்த்தார்கள். அங்கே ஆறாவதிலேயே நுழைந்துவிட்டால் பன்னிரண்டு வரைக்கும் கவலையில்லை. ஒன்பதாவதில் போய் நின்றால் இடம் உண்டோ இல்லையோ என்று பெற்றவர்களுக்குப் பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, ஆனால் வீம்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. நல்ல டீச்சர்கள். சுத்தமான வகுப்பறை. நாலாவது படிக்கிற பிள்ளை பேப்பரை எடுத்து வைத்துக் கடகடவென்று வாசிக்கும். படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் இல்லாததுதான் குறை. எல்லாரும் போகிறார்கள் என்பதற்காக நான் ஏன் போக வேண்டும் என்று நின்றேன். எங்களோடு நின்ற ஒன்றிரண்டு பேரும் அடுத்த ஜூனில் நழுவிவிட்டார்கள். என் வீம்புக்கு என் மகள் தனியாக உட்கார வேண்டியதாயிற்று.

தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். ஏழாம் வகுப்புக்கும் அவர்தான் டீச்சர். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, அரங்கம் நிறையப் பிள்ளைகள் இருக்கிற மாதிரி என் மகளின் பெயரைக் கூப்பிடுவார். "உள்ளேன் டீச்சர்" என்று இவள் எழுந்து நிற்பாள். பிறகு போர்டின் மூலையில் சாக்பீஸால் எழுதுவார்: பதிவு 1, வருகை 1. அது அன்றாடம் நடந்தது. ஆனால் ஒரு வில்லங்கம் இருந்தது. என் மகளால் லீவு போட முடியாது. அவள் லீவு போட்டால் ஏழாம் வகுப்பே லீவு. ஒருநாள் காய்ச்சல் கொதிக்கிறது, போகாதே என்கிறேன், கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிளம்புகிறாள்.

"நான் போகலைன்னா வருகையில சைபர் போடணும்லாம்மா. டீச்சருக்குப் பாவம்லா."

பெற்றோர் கூட்டம் என்றால் ஏழாம் வகுப்புப் பெற்றோர் எல்லாரும் நானே. பெரிய டீச்சர் என் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இந்த மாசம் ஏழாம் வகுப்பு கணக்குல கொஞ்சம் இறங்கியிருக்கு, கவனிக்கணும்" என்பார். "எல்லாப் பிள்ளைகளுமா டீச்சர்?" என்று நான் கேட்பேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். பரீட்சை முடிந்தால் ஏழாம் வகுப்பு நூற்றுக்கு நூறு தேர்ச்சி. முதல் ரேங்கும் இவள், கடைசி ரேங்கும் இவள். என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். "எம் மவ கிளாஸ் பர்ஸ்ட்" என்று ஸ்டாண்டில் பெருமை அடிப்பார். மற்ற டிரைவர்களும் விவரம் தெரியாமல் கைகொடுப்பார்கள்.

நாங்கள் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. பாடப்புத்தகத்தில் பாடம் முடிந்ததும் "உன் நண்பர்களுடன் கலந்துரையாடு" என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் அவளுக்கு முகம் சுண்டிவிடும். பெரிய டீச்சர் பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "வாட்டி, கலந்துரையாடுவோம்" என்பாராம். "டீச்சர் நல்லாத்தான் பேசுதாங்கம்மா. ஆனா நான் தப்பாச் சொன்னாலும் சண்டை போட மாட்டேங்காங்க" என்று வந்து சொன்னாள். பென்சில் சீவுகிற துருவியை அவளிடம் கடன் கேட்க ஆளில்லை. எழுதாமல் விட்டதைப் பார்த்து எழுத ஆளில்லை. முதுகில் குத்திவிட்டுத் தெரியாத மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்ள ஆளில்லை.

மெஷினிலிருந்து பார்த்துப் பார்த்து ஒன்றைக் கவனித்தேன். அவ்வளவு நீளப் பெஞ்சில் அவள் ஜன்னல் பக்க ஓரத்தில்தான் உட்காருவாள். நடுவில் வசதியாக உட்காரேன் என்று ஒருநாள் சொன்னேன்.

"நடுவுல இருந்தா, யாரும் வந்தா எங்கன உக்காருவாங்க?" என்றாள்.

அன்றைக்கு ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். என் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து உட்கார வேண்டும். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து நான் சாமியிடம் கேட்டது இது ஒன்றைத்தான்.

வந்தாள். சாரலோடு வந்தாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. ஒவ்வொரு சீசனுக்கும் அதைப் புளியங்குடிக் குடும்பம் ஒன்றுக்கு விடுவோம். மற்ற மாதங்களில் அந்த அண்ணாச்சி எலுமிச்சை மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுவார். சாரல் தொடங்கியதும் புருஷனும் பெண்டாட்டியும் வந்து ஐந்தருவி போகிற வழியில் பஜ்ஜிக் கடை போடுவார்கள். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவன் கொதிக்கிற எண்ணெயைப் பார்த்தால் தாண்டிப் போக மாட்டான். பெண்பிள்ளையை ஊரில் சித்தியிடம் விட்டுவிட்டு வருவது வழக்கம். அந்த வருஷம் சித்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதனால் பிள்ளையையும் கூட்டி வந்தார்கள். ஏழாம் வகுப்பு. என் மகளைவிட அரை முழம் உயரம். வாய் ஓயாது.

சீசனுக்கு வருகிற பிள்ளைகளைப் பெரிய டீச்சர் சும்மா உட்கார வைத்துக்கொள்வார். பேரைச் சேர்க்க முடியாது. பேர் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கும். இருந்தாலும் கடை வாசலில் தட்டுக் கழுவிக்கொண்டு கிடப்பதற்கு இங்கே இருந்து நாலெழுத்துப் படிக்கட்டும் என்பார். முதல் நாள் என் மகளின் பெயரைக் கூப்பிட்டு முடித்ததும் கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து, பதிவேட்டில் இல்லாத அந்தப் பெயரையும் கூப்பிட்டாராம். "உள்ளேன் டீச்சர்" என்று அது கத்திய கத்தல் என் கடைக்கே கேட்டது. போர்டில் எழுதினார்: பதிவு 1, வருகை 2.

மதியம் தையல் ஊசி வாங்கக் கடைக்கு வந்த பெரிய டீச்சரிடம் கேட்டேன். "இப்படி எழுதலாமா டீச்சர்? யாரும் வந்து பாத்தா?"

"செல்போன்ல வருகை ஒன்னுன்னுதான் ஏத்த முடியும், அதை ஏத்திட்டேன். போர்டுல எழுதுதது என் கைதானே. வந்து உக்காந்திருக்க பிள்ளைய வரலைன்னு எப்படிம்மா எழுத?"

அந்தச் சீசன் முழுக்க ஜன்னலில் இரண்டு தலைகள். முதல் வாரம் இரண்டும் இடித்துக்கொண்டு சிரித்தன. இரண்டாவது வாரம் சண்டை. பெஞ்சின் நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டைத் தாண்டி முழங்கை வந்தால் கிள்ளு. என் மகள் கையில் கிள்ளின தடத்தைக் காட்டி அழுதாள். எனக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளாமல் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். மறுநாள் இரண்டும் ஒரே குடையில் போயின.

மாதப் பரீட்சை வந்தது. சாயங்காலம் என் மகள் இரண்டு பக்கமும் பார்க்காமல் தெருவைக் கடந்து ஓடி வந்தாள்.

"யம்மா, நான் ரெண்டாவது ரேங்க்!"

கிளாஸ் பர்ஸ்ட் வாங்கும்போதெல்லாம் பையை மூலையில் வீசிவிட்டுப் போகிறவள், ரெண்டாவது ரேங்க் வாங்கியதற்குத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். புளியங்குடிக்காரி பின்னாலேயே வந்து, "கணக்குல நான்தான் பெரிய்ய மார்க்" என்று இடுப்பில் கைவைத்து நின்றாள். அன்றைக்குப் பஜ்ஜிக் கடையிலிருந்து தட்டு நிறைய மிளகாய் பஜ்ஜி வந்தது. என் வீட்டுக்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. ஸ்டாண்டில் என்ன சொல்வது என்று கேட்டார்.

சாரல் நின்றால் சீசன் முடியும். சீசன் முடிந்தால் கடையைப் பிரித்துக் கட்டி, பின்னறையைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். போனார்கள். பஸ் ஏறும்போது அந்தப் பிள்ளை என் மகளிடம், "அடுத்த வருஷம் வருவேன்ட்டி, நீ ஓரத்துலயே இரு" என்றது. மறுநாள் பதிவு 1, வருகை 1. சாக்பீஸ் கோட்டை என் மகள் அழிக்க விடவில்லை. ஆயா பெஞ்சைத் துடைக்க வந்தால் கையை விரித்து மறித்துக்கொள்வாளாம்.

பொங்கல் லீவில் பண்பொழி மலைக்குப் போனோம். படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது என் வீட்டுக்காரர் கேட்டார். "என்னட்டி வேண்டிக்கிட்ட, நல்ல மார்க்கா?"

"சாரல் நல்லா விழணும்னு வேண்டிக்கிட்டேன்பா."

அவர் குளிர்ந்துவிட்டார். சீசன் நன்றாக இருந்தால்தானே வேனுக்குச் சவாரி. பிள்ளைக்குத் தன் பிழைப்பைப் பற்றி எவ்வளவு அக்கறை என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் மகளின் கலைந்த சடையைப் பின்னிவிட்டுக்கொண்டு வந்தேன்.

ஏப்ரலில் பெரிய டீச்சர் பிள்ளை பிடிக்கக் கிளம்பினார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேருங்கள் என்று கேட்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்த வருஷம் நானும் கூடப் போனேன். போகாமல் என்ன செய்ய? எட்டாம் வகுப்புக்குப் பிள்ளை வேண்டும். "ஒத்தப் பிள்ளை இருந்தாலும் நான் நடத்துவேன்ம்மா. ஆனா ஒங்க பிள்ளை மூஞ்சியப் பாக்க முடியல" என்று அவரே சொல்லிவிட்டார். காலை வெயிலில் தெருத்தெருவாக நடந்தோம். மரியாதைக்குக் குறைவில்லை. எல்லா வீட்டிலும் நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள். என்னிடம் சுடிதார் தைக்கிற ஒரு பெண் மட்டும் வெளிப்படையாகக் கேட்டாள்.

"யக்கா, நான் சேக்குதேன். எம் பிள்ளை கூடப் படிக்க எத்தனை பிள்ளைய இருக்கு?"

"ஒன்னு இருக்கு. என் மவ."

"அதான பாத்தேன்" என்றாள். பிள்ளைகள் இல்லாததால் பிள்ளைகள் வரமாட்டார்கள். வராததால் இல்லை. பெரிய டீச்சர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த வீடு எது என்று கேட்டார். எனக்கு அந்தம்மாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

ஜூன் வந்தது. சாரல் வரவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காலண்டர் சுவரில் இல்லை, மலையில்தான் இருக்கிறது. காலையில் பல் விளக்கிக்கொண்டே மேற்கே பார்ப்போம். மேகம் இறங்கி மலை மறைந்திருந்தால் சரி. அந்த ஜூனில் மலை ஒவ்வொரு மடிப்பும் தெரிய மொட்டையாக நின்றது. மேற்கிலிருந்து வருகிற மேகாத்து அடிக்கவே இல்லை. மெயின் அருவியில் பாறையில் ஈரம் மட்டும் இருந்தது. ஆலங்குளத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் பாறையோடு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். என் மகள் பள்ளிக்கூடம் போகுமுன் மாடியேறி மலையைப் பார்ப்பாள். இறங்கி வந்து ஒன்றும் சொல்லாமல் பையை எடுப்பாள். எட்டாம் வகுப்புக்கு இன்னும் பெஞ்சு மாற்றவில்லை, பழைய ஜன்னல் பெஞ்சில்தான் இருந்தாள். ஓரத்தில்.

ஒவ்வொரு வருஷமும் புளியங்குடியிலிருந்து அந்த அம்மா எனக்குப் போன் போட்டு ஒரே கேள்விதான் கேட்பாள். அந்த வருஷமும் கேட்டாள்.

"யக்கா, மலை எப்படி இருக்கு?"

"மொட்டையா நிக்குது. இந்த வருஷம் சீசன் ஏமாத்திரும் போல. வந்து செலவழிச்சுக் கடை போட்டுட்டுக் கையைப் பெசையாதீங்க."

"அப்படியாக்கா" என்றாள். பிறகு கேட்டாள். "பிள்ளை எப்படி இருக்கா?"

"இருக்கா" என்றேன். பெரிய பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் இருப்பதாக என் வீட்டுக்காரர் முந்தின நாள்தான் வந்து சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பக்கத்திலும் ஏதோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி இருந்தது. வைத்துவிட்டோம்.

பெரிய பள்ளிக்கூடத்தில் எட்டாவதில் ஒரு பிள்ளை ஊர் மாறிப் போனதால் வந்த இடம் அது. இப்போது விட்டால் ஒன்பதாவதுக்கு அல்லாட வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். நான் மறுபடி வீம்பு பிடிக்கவில்லை. வீம்பு பிடிக்க எனக்குத் தெம்பில்லை. இன்னொரு வருஷம் அந்த ஜன்னலில் ஒற்றைத் தலையை என்னால் பார்க்க முடியாது.

மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அவ வருவாம்மா."

"சாரலே இல்ல. எப்படி வருவா?"

"அவ சாரலுக்கா வருதா?"

"பின்ன எதுக்கு வருதாவ?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். சின்னப் பிள்ளை, விவரம் தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீருக்காகத்தான் வருகிறார்கள் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் மூளையில் ஊறிப்போன எண்ணம். தண்ணீர் இல்லையென்றால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று நாங்களே முடிவுகட்டிக் கடையைச் சாத்துவோம்.

பெரிய டீச்சர் டிசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பஸ்ல கவனமாப் போகணும், என்ன?" என்று என் மகளின் கன்னத்தைத் தட்டினார். எட்டாம் வகுப்பு மூலையின் போர்டை அவரே துடைத்தார். அதில் எழுத ஒன்றுமில்லை.

பெரிய பள்ளிக்கூடத்தில் வகுப்பு நிறையப் பிள்ளைகள். பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார வேண்டும். என் மகளுக்குக் கிடைத்தது நடு இடம். "பக்கத்துல யாருட்டி?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் இருக்காங்க" என்றாள். பேரைச் சொல்லவில்லை. பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஜூலையில் ஒரு மத்தியானம். வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. ஆட்டோ ஒன்று வந்து என் கடை வாசலில் நின்றது. புளியங்குடிக் குடும்பம் இறங்கியது. பாயும் பாத்திரமும் ஸ்டவ்வும் இறங்கின. மலையில் ஒரு துளி மேகம் கிடையாது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சாரல் இல்லையே, ஏன் வந்தீங்க?" என்று வாசலுக்கு ஓடினேன்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சீசனுக்கு வரலைக்கா. தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில பலகாரம் போடுத வேலை இவியளுக்குக் கெடச்சிருக்கு. வருஷம் முழுக்கவும். பின்னறைய எங்களுக்கே விட்டுருங்க." பிறகு மகளைக் கையால் முன்னே தள்ளினாள். "எல்லாம் இவளாலதான். அங்கன படிக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னுட்டா. போன்லயே சொல்லணும்னு இருந்தேன். டிசி கையில வரட்டும், நேர்ல வந்து சொல்லிக்கிடலாம்னு விட்டுட்டேன்."

அந்தப் பிள்ளை டிசியை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தது. "யத்தை, அவ எங்க? பள்ளிக்கூடத்துலயா?" என்று கேட்டுக்கொண்டே எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தது. ஜன்னலில் ஒருத்தரும் இல்லை.

நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அது என்னைத் திட்டியிருக்கலாம். "அப்படியா" என்று மட்டும் சொன்னது, அதன் அம்மா போனில் சொன்ன மாதிரியே. அப்புறம் டிசியைக் கொடுக்கத் தெருவைக் கடந்து தனியாகப் போனது.

அன்று சாயங்காலமே பெரிய டீச்சரிடம் ஓடினேன். என் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன், இரண்டு பேராகிவிடும் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். ஒரு பிள்ளைக்காக ஊரெல்லாம் மோர் குடித்து நடந்த அம்மா, கைக்கு வந்த பிள்ளையை வேண்டாம் என்றார்.

"அங்க அவளுக்கு ஒன்பதாவது உண்டு. இங்க எட்டோட முடிஞ்சுது. இப்போ எடுத்துட்டு அடுத்த வருஷம் போய் நின்னா, யாரு எடம் தருவா? எனக்கு எண்ணிக்கை வேணும்தான்ம்மா. அதுக்காக அவ பாதையில நான் குழி வெட்ட முடியாது. போங்க, பிள்ளைக்குக் காப்பி போட்டுக் கொடுங்க."

போர்டில் மறுநாளிலிருந்து எட்டாம் வகுப்பு மறுபடி உயிரோடு இருந்தது. பதிவு 1, வருகை 1. ஜன்னலில் ரெட்டைச் சடை. தலை கொஞ்சம் உயரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயங்காலங்களில் இரண்டும் பின்னறை வாசலில் உட்கார்ந்து பேசும். "லீவு போடவே முடியலட்டி" என்று அது சொல்லும். "தெரியும்" என்று இவள் சொல்லும். சண்டை போடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் எப்படிச் சண்டை போடுவது?

ஆகஸ்டில் ஒரு வழியாகச் சாரல் வந்தது. மலை மறைந்தது, அருவி கொட்டியது, வேன்கள் வந்தன. என் வீட்டுக்காரர் சாமிக்குத் தேங்காய் உடைத்தார். எனக்கு அந்த மழையைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. இப்போது வந்து என்ன?

அப்போது ஒரு சனிக்கிழமை. பெரிய பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. நடுநிலைப் பள்ளிக்கு வேலை நாள். அப்படிச் சில சனிக்கிழமைகள் வரும். காலையில் என் மகள் அலமாரியின் அடியிலிருந்து ஏழாம் வகுப்பு யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு வந்தாள்.

"இதைக் கொஞ்சம் எறக்கித் தாம்மா."

நான் கத்தரியை எடுத்து, மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பிரித்து இறக்கினேன். மடிப்பு இருந்த இடத்தில் துணி நிறம் மாறாமல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. மாட்டிக்கொண்டு, ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளையோடு ஒரே குடையில் தெருவைக் கடந்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாரல் அடிக்கிறது, ஜன்னலோரம் நனைவாள், துண்டு கொடுக்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வகுப்பு வாசலில் நின்றேன். அந்தப் பிள்ளை ஜன்னல் பக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. பெஞ்சின் மறு பாதியில் என் மகள். நடுவில் சாக்பீஸ் கோடு மங்கலாக இன்னும் இருந்தது.

பெரிய டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். ஒரே பெயர். கூப்பிட்டார். "உள்ளேன் டீச்சர்" என்று அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. ஏழு வருஷத்துக்கு மேல் பெயர் இருந்த பள்ளிக்கூடத்தில் இப்போது அவள்தான் விருந்தாளி. பெரிய டீச்சர் கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். பதிவேட்டை மூடினார். மூடிவிட்டு என் மகளின் பெயரைக் கூப்பிட்டார்.

"உள்ளேன் டீச்சர்!"

அவ்வளவு சத்தமாக என் பிள்ளை பேசி நான் கேட்டதே இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. பெரிய டீச்சர் போர்டு மூலையில் எழுதினார்: பதிவு 1, வருகை 2. நான் கொண்டுபோன துண்டைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தேன், கண் தெரியவில்லை. ஜன்னலில் இரண்டு தலைகள் இடித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில், "டீச்சர், இவ கிள்ளுதா" என்று கேட்டது. யார் குரல் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை என் மகள் தென்காசி பஸ்ஸுக்குப் போனாள். மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் ஒரு தலைதான் இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் இருந்தது. நடுவுக்கு நகரவில்லை.